எந்த வகுப்பில் விட்டுப்போனது? – கணக்கு கேள்வி பதில்

கேள்வி: என் மகள் எட்டாவது படிக்கிறாள். தமிழ், சமூக அறிவியல் எல்லாவற்றிலும் எண்பதுக்கு மேல் வாங்குகிறாள், கணக்கில் மட்டும் முப்பதைத் தாண்டவில்லை. டியூஷனுக்கும் அனுப்பிப் பார்த்துவிட்டோம். என் வீட்டுக்காரர் "நம்ம பரம்பரைக்கே கணக்கு வராது, விடு" என்கிறார். அவள் மூன்றாவது படிக்கும்போது கொரோனாவால் பள்ளிக்கூடம் இல்லை. அதிலிருந்துதான் இப்படியோ என்று எனக்கு ஒரு சந்தேகம். – ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: உங்கள் சந்தேகம் ரொம்ப நியாயமானது, சகோதரி. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. உங்கள் மகளுக்கு மூன்றாம் வகுப்பு முழுசாகவும் நான்காம் வகுப்பில் பாதியும் போனது. நீண்ட வகுத்தல், பின்னத்தின் ஆரம்பம் எல்லாம் அந்த வயதில்தான் கையில் பழக வேண்டும். சமூக அறிவியலில் ஒரு பாடம் விட்டுப்போனால் அந்தப் பாடத்தோடு போயிற்று, அசோகரைப் படிக்காமலேயே அக்பரைப் படித்துவிடலாம். கணக்கில் அப்படி முடியாது. பின்னம் தெரியாத பிள்ளைக்கு விகிதமும் சதவீதமும் புரியாது, கழித்தல் குறியைக் கண்டு தடுமாறுகிற பிள்ளைக்கு இயற்கணிதம் மொத்தமும் இருட்டுதான்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பரீட்சை மாதிரி இல்லாமல், சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டே இரண்டு கணக்கு கொடுங்கள். ஒன்று, 1/2 + 1/3. இன்னொன்று, –3 – 5. விடை சரியா தப்பா என்பதைவிட, என்ன தப்பு வருகிறது என்பதுதான் முக்கியம்.

முதல் கணக்குக்கு 2/5 என்று எழுதினால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள் என்று அர்த்தம். திட்டாதீர்கள். "2/5 பெரிசா, அரை பெரிசா?" என்று மட்டும் கேளுங்கள். ஐந்தில் இரண்டு என்பது பாதியைவிடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, அப்புறம் எப்படிக் குறைந்தது என்று அவளே யோசிப்பாள். அந்த யோசனை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பின்னம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் ஒரு கோடு என்றுதான் இத்தனை வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அது ஓர் அளவு என்று யாரும் அவளை நிறுத்தி உட்கார வைத்துச் சொல்லவில்லை.

இரண்டாவது கணக்குக்கு நிறையப் பிள்ளைகள் எழுதுவது 8. காரணம் கேட்டால் "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்" என்பார்கள். அந்த விதி பெருக்கலுக்கு. மூன்று ரூபாய் கடன் இருக்கும்போது இன்னும் ஐந்து ரூபாய் கடன் வாங்கினால் கையில் எட்டு ரூபாய் வந்துவிடுமா? வராது, கடன்தான் எட்டாகும், அதனால் –8. விதியை மட்டும் வாயில் போட்டுவிட்டு அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். பத்தாம் வகுப்பு விடைத்தாளில்கூட இந்தத் தப்பு வருகிறது.

அரசுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்குப் புத்தகத்தில் பின்னங்களும் முழுக்களும் (–3, –5 மாதிரி கழித்தல் குறி எண்களும் சேர்ந்தவை) அடுத்தடுத்த பாடங்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் அவளோடு உட்காருங்கள். அதற்கும் திணறினால் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்குங்கள், வெட்கமே வேண்டாம். டியூஷன் ஏன் பலிக்கவில்லை என்றால், பெரும்பாலான டியூஷன்களில் பள்ளியில் அன்றைக்கு நடத்திய எட்டாம் வகுப்புப் பாடத்தைத்தான் மறுபடியும் நடத்துவார்கள். புரியாததையே இரண்டாம் தடவை கேட்டால் எப்படிப் புரியும்? டியூஷன் எடுப்பவரிடம் போய், "இரண்டு மாசத்துக்கு எட்டாம் வகுப்புப் பாடம் வேண்டாம், பின்னமும் முழுக்களும் மட்டும் சொல்லிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

அப்புறம் அந்தப் "பரம்பரைக்கே வராது" என்ற பேச்சு. தயவுசெய்து அதை அவள் காதுபட இனிமேல் யாரும் பேச வேண்டாம். பயத்தோடு கணக்குப் போட உட்காருகிற பிள்ளையின் மனசில் பாதி இடத்தை அந்தப் பயமே பிடித்துக்கொள்கிறது, மிச்சமிருக்கும் இடத்தில்தான் அது எண்களை ஞாபகம் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. தெரிந்த கணக்கையே பரீட்சையில் கோட்டை விடுவது இப்படித்தான்.

கேள்வி: நான் பத்தாவது, அரசுப் பள்ளி. அரையாண்டில் கணக்கில் 22. பாஸாக வேண்டும், அவ்வளவுதான் சார். என்ன படிப்பது? – ஒரு மாணவர், திருவண்ணாமலை

பதில்: சரி தம்பி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வேண்டியது 35, இருக்கிறது 22.

வினாத்தாளில் கடைசியில் வரும் இரண்டு எட்டு மதிப்பெண் கேள்விகளை முதலில் பிடி. ஒன்று வடிவியல் வரைதல், இன்னொன்று வரைபடம், இரண்டிலும் 'அல்லது' கேள்வி உண்டு. ஒத்த முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் இவையெல்லாம் கைப்பழக்கம். தினமும் ஒன்று, ஸ்கேலும் காம்பஸும் வைத்து, பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு, உதவிப் படம், வரைமுறை எல்லாம் எழுதிப் பழகு. பார்த்துக்கொண்டே போனால் வராது, போட்டால்தான் வரும். அது 16 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, புத்தகத்தில் பாடத்துக்குப் பின்னால் இருக்கும் பலவுள் தெரிவு வினாக்களை விடையோடு மட்டும் மனப்பாடம் பண்ணாமல் ஏன் அந்த விடை என்று ஒரு வரி பக்கத்தில் எழுதிப் படி, ஏனென்றால் எண்ணை மாற்றிக் கேட்டால் மனப்பாடம் உதவாது.

ஐந்து மதிப்பெண்ணில் கார்டீசியன் பெருக்கல், அணிகள், திட்ட விலக்கம், பகடையும் நாணயமும் வரும் நிகழ்தகவு, இந்த நான்கையும் எடுத்துக்கொள். முந்தைய வகுப்புப் பாடம் கொஞ்சம் விட்டுப்போயிருந்தாலும் இவற்றைப் புதிதாக ஆரம்பிக்கலாம். அளவியலில் உருளை, கூம்பு, கோளம் மூன்றுக்கும் சூத்திரத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. விடை வராவிட்டாலும் சூத்திரத்தை எழுதி எண்களைப் பிரதியிட்ட வரைக்கும் மதிப்பெண் உண்டு, அதனால் எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டுவிட்டு வராதே.

அப்படியே தவறிப்போனாலும் அதே வருடம் துணைத்தேர்வு இருக்கிறது. ஒரு வருடம் வீணாகிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே.

கேள்வி: எனக்குக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்பதாவது படிக்கிறேன். வேறு வழியில் போட்டால் சார் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். கூடப் படிப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள். புத்தகத்துக்கு வெளியே என்ன செய்யலாம்? – ஒரு மாணவர், மதுரை

பதில்: இந்த மாதிரி ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருக்கும், தம்பி. முதலில் மதிப்பெண் விஷயம். வேறு வழியில் போடுவது தப்பே இல்லை, பொதுத்தேர்வுத் திருத்தத்திலும் சரியான மாற்று வழிக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் மனசுக்குள்ளேயே மூன்று படிகளைத் தாண்டிவிட்டு விடையை மட்டும் எழுதினால், திருத்துகிறவருக்கு நீ எப்படிப் போனாய் என்று தெரியாது. ஒவ்வொரு படியையும் எழுது, பக்கத்தில் காரணத்தையும் எழுது. அப்புறம் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தனியாகப் போய், இது ஏன் சரி என்று காட்டு. எல்லார் முன்னாலும் வாதம் செய்ய வேண்டாம்.

வெளியே என்ன செய்யலாம் என்று கேட்டாய், இப்போதே ஒன்று தருகிறேன். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள், நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. 3524 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 5432, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் 2345. கழித்தால் 3087. அதையே திரும்ப அடுக்கு: 8730 – 0378 = 8352. இன்னொரு தடவை: 8532 – 2358 = 6174. இன்னும் செய்தால்? 7641 – 1467 = 6174. அங்கேயே நின்றுவிடும். நீ எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் அதிகபட்சம் ஏழு தடவைக்குள் 6174-க்கு வந்து சேருவாய்.

இதைக் கண்டுபிடித்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர், மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெரிய பட்டமோ ஆராய்ச்சி நிறுவனமோ அவருக்குப் பின்னால் இல்லை, பாடம் நடத்திய நேரம் போக எண்களோடுதான் இருந்தார். 1949-ல் அவர் கண்ட இந்த எண்ணுக்கு இன்றைக்கு உலகம் முழுக்கக் காப்ரேகர் மாறிலி என்றுதான் பெயர்.

இப்போது உனக்கு வேலை. மேலே கழித்து வந்த 3087, 8352, 6174 மூன்றும் 9-ஆல் வகுபடுகின்றன. எல்லாத் தடவையும் அப்படியேதான் வரும். ஏன்? இலக்கங்களை a, b, c, d என்று வைத்து, இட மதிப்போடு எழுதிக் கழித்துப் பார். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதமே போதும். அது முடிந்ததும் மூன்று இலக்க எண்ணில் எங்கே போய் நிற்கிறது என்று நீயே தேடு, அதை நான் சொல்ல மாட்டேன்.

சென்னையில் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் என்று ஒன்று 1965 முதல் இருக்கிறது. அவர்கள் நடத்தும் தேசியக் கணிதத் திறனறிப் போட்டியில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்காரர்களுக்கான பிரிவின் பெயர் பாஸ்கரா. உன் பள்ளி மூலமாக எழுத முடியுமா என்று ஆசிரியரிடம் கேள். பரிசு வராவிட்டால் பரவாயில்லை, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பதற்காகவாவது எழுது, ஒரே கணக்கில் நாள் கணக்காக மாட்டிக்கொண்டு கிடக்கிற அனுபவம் பள்ளிக்கூடத்தில் கிடைப்பதே இல்லை. பின்னாளில் கணிதமே படிக்க ஆசை இருந்தால் சிறுசேரியில் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்புறம் நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம். வீட்டில் எல்லாருக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்காது, நீயே சொல்லி வை.

கிண்டலைப் பற்றிக் கவலைப்படாதே. 6174-ஐ அவர்களுக்கும் காட்டு. முதல் ஆள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மூன்று பேர் பேனா எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: நாலாவது படிக்கும் மகனுக்கு வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வைக்கலாமா? "புரிந்தால் போதும், மனப்பாடம் வேண்டாம்" என்று பள்ளியில் சொல்கிறார்கள். – ஒரு அப்பா, கோவை

பதில்: இரண்டும் வேண்டும். 7 எட்டு எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் நீண்ட வகுத்தலில் எங்கே இருந்தோம் என்பதே மறந்துபோகும். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எண்சுவடியைப் பாடிப் பாடித்தான் படித்தார்கள், முழு எண் மட்டுமில்லை, முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி (பதினாறில் ஒரு பங்கு) வரைக்கும்.

ஆனால் பையனை மிரட்டாதீர்கள், சுமை அவ்வளவு பெரிதில்லை. பத்து வரைக்குமான வாய்ப்பாட்டில் 1, 2, 5, 10 எளிதாக வந்துவிடும். 6 எட்டும் 8 ஆறும் ஒன்று என்று காட்டிவிட்டால் மிச்சம் உட்கார்ந்து படிக்க வேண்டியது 21 பெருக்கல்கள்தான். 7 எட்டு மறந்துவிட்டதா? 7 ஏழு 49, கூட ஒரு ஏழு, 56. இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தெரிந்த பிள்ளை மறந்தாலும் முழிக்காது.

கேள்வி: பிளஸ் ஒன்னில் முதல் குரூப் எடுத்தேன். எல்லாரும் முடித்த பிறகும் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வேகம் இல்லாதவளுக்குக் கணக்கு சரிப்படுமா? – ஒரு மாணவி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகச் சரிப்படும், மகளே. ஈரானைச் சேர்ந்த மரியம் மிர்சகானி, கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கத்தை 2014-ல் வாங்கிய முதல் பெண். நடுநிலைப் பள்ளியில் ஒரு வருடம் அவருக்குக் கணக்கு சரியாக வரவில்லை, அப்போது இருந்த ஆசிரியர் அவருக்குத் திறமை இருப்பதாகவே நினைக்கவில்லை. தான் மெதுவாக யோசிப்பவள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பிளஸ் ஒன் கணக்கு பத்தாம் வகுப்பிலிருந்து ஒரு பெரிய தாவல், எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாமே புதுசு, முதல் சில மாதம் எல்லாருக்கும் மூச்சு முட்டும். சீக்கிரம் முடிப்பவர்களில் பாதிப் பேர் மாதிரிக் கணக்கைப் பார்த்து எண்ணை மாற்றிப் போடுகிறார்கள். நீ யோசிப்பதை நிறுத்தாதே. தேர்வுக்கான வேகம் வேறு விஷயம், அது கடைசி மூன்று மாதத்தில் கடிகாரம் வைத்துப் பழைய வினாத்தாள் போட்டால் வந்துவிடும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். அந்தக் காலத்தில் பத்தாவதில் கணக்கில் பெயிலாகி நின்றுவிட்டேன். இப்போது எழுதிப் பாஸாக முடியுமா? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முடியும் சகோதரி, வயது தடையே இல்லை. தனித்தேர்வராக எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பு வரும்போது அவர்களுடைய சேவை மையத்துக்குப் பழைய மதிப்பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டு போங்கள், நீங்கள் எந்தப் பாடம் எழுத வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். பாடத்திட்டம் மாறியிருக்கிறது, அதனால் பழைய நோட்ஸ் உதவாது. பாடநூல் கழகப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பீஸ் ரேட்டும் டஜன் கணக்கும் மனசிலேயே போடுகிறவருக்கு எண்களில் பயம் இருக்காது, எழுத்துக் கணக்குதான் பழக வேண்டும். எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை முதலில் ஒரு மாதம் பாருங்கள். அதில் எங்கே மாட்டுகிறதோ அந்தக் கணக்கை அப்படியே, நீங்கள் போட்ட தப்பு விடையோடு, எனக்கு எழுதி அனுப்புங்கள்.