மழைக்கு முன் இரண்டு மாதம்

ஐயா, வணக்கம்.

சென்னையை அடுத்த முடிச்சூரில் வசிக்கிறேன். 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் தெருப் பையன்களோடு சேர்ந்து படகு, சாப்பாடு, மருந்து என்று ஓடினேன். இரண்டாவது முறை மூன்று நாள் சரியான தூக்கமில்லை. பால் பாக்கெட் கேட்ட ஒரு பாட்டியிடம் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. இப்போதும் இரவில் பலத்த மழை பெய்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். "முதல்ல உங்களைச் சரி பண்ணிக்குங்க, அப்புறம் ஊரைப் பாருங்க" என்கிறாள் மனைவி. எனக்கு அது சுயநலமாகப் படுகிறது. ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. முழுக்கச் சரியான பிறகுதான் ஊர் வேலை என்றால் யாருமே வாசல்படி இறங்க மாட்டோம். ஆனால் பதற்றத்தைச் சமாளிக்கும் பழக்கம், இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது புதிதாகக் கைவராது. அதை மண் காய்ந்திருக்கும்போதே பழக வேண்டும்.

பாட்டியிடம் கத்தியதற்குப் பெரும்பாலும் தூக்கமின்மைதான் காரணமாக இருக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பே 0.03தான். அந்த நிலையில் இருப்பவர் கத்துவது மட்டுமல்ல, படகைத் தவறான தெருவுக்கும் அனுப்பிவிடுவார். ஆகவே முதல் விதி: யாரும் 12 மணி நேரத்துக்கு மேல் களத்தில் நிற்கக் கூடாது. அடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுக்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எந்த வீட்டுக்கு என்ன போயிற்று, என்ன பாக்கி என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். போனையும் கொடுத்துவிடுங்கள். இங்கேதான் எல்லாக் குழுவும் கோட்டைவிடுகிறது. ஆள் வீட்டுக்குப் போய்விடுவார், உதவி கேட்கும் அழைப்புகள் மட்டும் விடியவிடிய அவர் தலைமாட்டில் அடித்துக்கொண்டே இருக்கும். குழுவுக்கென்று ஒரு தனி எண் வைத்து, ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை தொடங்கும்போது அந்தப் போனும் கை மாறட்டும். டீ, காபியை முறை முடிவதற்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்.

இனி மூச்சு. எல்லோரும் சொல்வார்கள், பலர் தப்பாகச் செய்வார்கள். "நல்லா ஆழமா இழுத்து விடு" என்றதும் வாயைத் திறந்து வேகவேகமாக இழுப்பார்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் கூடும். சரியான முறை, மூக்கால் நிதானமாக நான்கு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். விடும் மூச்சுதான் முக்கியம். மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள்: இழுக்கும்போது நாடி சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். காலையில் ஐந்து நிமிடம், படுக்கப்போகும் முன் ஐந்து நிமிடம். பதற்றம் இல்லாத நாளில் பழகினால்தான் பதற்றமான நாளில் உடம்புக்கு அது ஞாபகம் வரும்.

உட்கார்ந்து பழகியது மட்டும் போதாது, கூட்டத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கோயில் அன்னதானத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் புகுபவர், இரண்டு பொட்டலம் கேட்பவர், "நீ யாருடா சொல்றதுக்கு" என்பவர், எல்லோரும் அங்கேயே கிடைப்பார்கள். கோபம் ஏறும் அறிகுறி ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குத் தாடை இறுகும், இன்னொருவருக்குக் காது சூடாகும். உங்களுடையது எது என்று கண்டுபிடித்து, கூட நிற்பவரிடம் சொல்லிவையுங்கள். அவர் தோளைத் தொட்டால் மறுபேச்சில்லாமல் ஐந்து நிமிடம் விலகிவிட வேண்டும். களத்திலும் இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும்.

வாக்குக் கொடுப்பது இன்னொரு வம்பு. "படகு அரை மணியில வந்துடும்" என்று சொல்லி அது வராமல் போனால் மொட்டை மாடியில் காத்திருப்பவரும் உடைவார், நீங்களும் உடைவீர்கள். இந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்: "படகு எப்ப வரும்னு தெரியலைம்மா. உங்க விலாசத்தை எழுதிக்கிட்டேன். வந்தாலும் வரலைன்னாலும் ஆறு மணிக்கு நானே கூப்பிட்டுச் சொல்றேன்." ஆறு மணிக்குக் கட்டாயம் கூப்பிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று வேலைகளைச் சொல்கிறது: பார், கேள், இணை. பாதிக்கப்பட்டவரை நடந்ததை விவரிக்கும்படி வற்புறுத்தக் கூடாது என்பதும் அதில் உண்டு. உங்கள் குழுவுக்குள்ளும் அதுதான் முறை. வேலை முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து "மனசுல இருக்கிறதைக் கொட்டுங்க" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். பேச விரும்புபவர் பேசட்டும், மற்றவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கட்டும்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய மழை இரவு. பேரிடருக்குப் பின் சில வாரம் தூக்கம் கெடுவது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் கவனிக்க வேண்டும். உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. இதற்கு மூச்சுப்பயிற்சி மட்டும் போதாது. அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே தொடங்குங்கள்.

ஐப்பசிக்குள் தூக்கம் சீராகவில்லை என்றால் இந்த முறை படகில் ஏறாதீர்கள். தெருவில் இன்சுலின் போடுபவர், டயாலிசிஸுக்குப் போகிறவர், நிறைமாதக் கர்ப்பிணி, தனியாக இருக்கும் முதியவர் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு இப்போதே பட்டியல் எடுங்கள். மழை தொடங்கியதும் அந்தப் பட்டியலையும் பால், அரிசி, மருந்துக் கணக்கையும் பகல் முறையில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு முறை களம் பார்த்தவர் நீங்கள். எந்த வீட்டுக்கு எது முதலில் போக வேண்டும் என்பது புதுப் பையன்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.