சிக்னலில் ஆஃப் ஆகும் ஸ்போர்ட்ஸ் பைக்: ஐடிலிங் கோளாறுக்குக் கேள்வி பதில்

150 சிசியிலிருந்து 250 சிசி வரைக்குமான ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பது) சரியில்லை, சிக்னலில் ஆஃப் ஆகிறது என்று நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். மாடல், வருஷம், கிலோமீட்டர் எல்லாம் மறக்காமல் எழுதுகிறீர்கள். எப்போது ஆஃப் ஆகிறது என்பதைத்தான் பலர் எழுதுவதில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறின பிறகா, ஆக்ஸிலேட்டரை விடும்போதா, ஓடிக்கொண்டிருக்கும்போதேவா? அது தெரிந்தாலே பாதிக் காரணங்களைத் தள்ளிவிடலாம்.

கோயம்புத்தூர், யமஹா ஆர்15 வி2, 2014 மாடல்: அண்ணா, காலையில ஸ்டார்ட் பண்ணா ஒரு குறையும் இல்ல. கொஞ்ச தூரம் ஓட்டி சூடானதும் சிக்னல்ல ஆர்பிஎம் 900க்கு இறங்கி ஆஃப் ஆயிடுது. செல்ஃப் அடிச்சா உடனே ஸ்டார்ட் ஆகுது. இன்ஜின் லைட் எரியல. மெக்கானிக் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி 2,000ல வச்சுக் கொடுத்துட்டார். இப்ப ஆஃப் ஆகல, இப்படியே ஓட்டலாமா?

ஓட்ட வேண்டாம் தம்பி. சூடான இன்ஜின் 1,400 சுற்றை ஒட்டி நிற்க வேண்டிய வண்டி அது. 2,000ல் வைத்தால் நோய் அப்படியே இருக்கும், அறிகுறி மட்டும் மறையும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வண்டி இழுத்துக்கொண்டு போகும், இன்ஜின் பிரேக்கிங் குறையும், ஃபர்ஸ்ட் கியர் போடும்போது 'டக்' என்று அடிக்கும். முதலில் அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

குளிரில் ஒழுங்காக இருந்து சூட்டில் மட்டும் தடுமாறினால் நான் முதலில் பார்ப்பது த்ராட்டில் பாடி, அதாவது இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம். ஐடிலில் அதன் பட்டாம்பூச்சி வால்வு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். ஓரத்து இடுக்கு வழியாகவும் பக்கத்திலுள்ள சின்னத் துளை வழியாகவும் போகிற கொஞ்சம் காற்றுதான் இன்ஜினை உயிரோடு வைத்திருக்கிறது. கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை அங்கே கறுப்பு வளையமாகப் படிந்துவிட்டால் அந்தக் காற்றும் போகாது. ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்தால் கண்ணுக்கே தெரியும். கிளீனரை நூல் உதிராத துணியில் அடித்துத் துடையுங்கள். நேராக உள்ளே பீய்ச்சினால் த்ராட்டில் பொசிஷன் சென்சாருக்குள் இறங்கும். பெயின்ட் வைத்து அடையாளமிட்ட ஸ்க்ரூ எதையும் தொடாதீர்கள், அது கம்பெனி செட்டிங்.

அதற்கும் சரியாகாவிட்டால் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி. பல பேர் டேப்பெட் சத்தம் வந்தால்தான் கோளாறு என்று நினைக்கிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது சத்தமே இல்லாத டேப்பெட்டுக்கு. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே அமரும், அதனால் இடைவெளி குறைந்துகொண்டே வரும். சூட்டில் வால்வு நீளும்போது முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். ஓட்டத்தில் இது தெரியாது, ஐடிலில்தான் தெரியும். கசிவை இப்படியே விட்டால் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகிவிடும், அப்புறம் ஹெட்டைக் கழற்றாமல் தீராது. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, அதாவது ராத்திரி நிறுத்தி மறுநாள் காலையில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியவுடனே டேப்பெட்டில் கை வைக்கிற மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

மதுரை, பல்சர் 220, கார்புரேட்டர் மாடல், 2012: சோக் போட்டா நல்லா ஓடுது. சோக்கை எடுத்தா அடுத்த நிமிஷம் ஆஃப். ஆக்ஸிலேட்டரைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா ஓடுது, நெடுஞ்சாலையில 90ல கூட பிரச்சினை இல்ல. கார்புரேட்டரையே மாத்தணும்னு சொல்றாங்க.

மாற்றாதீர்கள் சார். ஐடிலுக்குத் தேவையான பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. சோக் போட்டால் பெட்ரோல் விகிதம் கூடுவதால் அந்தக் குறை ஈடாகிறது. 90ல் நன்றாக ஓடுவதால் வேகத்தில் பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டில் குறையில்லை. ஆகவே சந்தேகம் ஐடிலில் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் மேலும் இன்டேக் ரப்பர் மேலும்தான்.

செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். சோக் போட்டு இன்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பரைச் சுற்றி ஸ்ப்ரே பாட்டிலால் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். சுற்று மாறினால் வெடிப்பு அங்கேதான். சில இடங்களில் பெட்ரோலை அடித்துப் பார்க்கிறார்கள், சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும், கிட்டே நிற்காதீர்கள். இந்த வயது வண்டிகளில் ரப்பர் வெளியே நன்றாகத் தெரியும், கழற்றி விரலால் வளைத்தால்தான் கிளாம்ப் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு வாயைத் திறக்கும்.

ரப்பர் சரியென்றால் ஸ்லோ ஜெட். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாக, சுத்தமாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தாலும் அடைப்புதான். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள், போகாவிட்டால் மெல்லிய தூண்டில் நரம்பை விட்டு எடுங்கள். கம்பியை விட்டுக் குத்தினால் பித்தளை கீறித் துளை பெரிதாகும், பிறகு எத்தனை டியூனிங் செய்தாலும் ஐடில் நிற்காது. கிளீனர் அடிக்கும் முன் மேல் மூடியிலுள்ள டயாஃப்ரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள், அந்த ரப்பர் கிளீனர் பட்டால் ஊதிப்போகும்.

பக்கத்திலிருக்கும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அது முழுக்க உள்ளே போக எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாக, முட்டியதும் நிறுத்த வேண்டும், இறுக்கினால் ஊசி முனை நசுங்கிவிடும். இந்த வகைக் கார்புரேட்டரில் அது இன்ஜின் பக்கம் இருப்பதால் வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். எல்லாம் மாட்டிய பிறகு, சூடான இன்ஜினில், சுற்று அதிகமாக வருகிற இடத்தில் அதை நிறுத்தி, அப்புறம் ஐடில் ஸ்க்ரூவால் சுற்றைக் குறையுங்கள். இந்த வரிசை தலைகீழானால் டியூனிங் நிற்காது.

இன்னொன்று, உங்கள் வண்டியில் பிளக் இரண்டு. ஒன்று செத்தாலும் மற்றொன்றில் ஓடும், ஐடில் மட்டும் முரண்டு பிடிக்கும். இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

சென்னை, வேளச்சேரி: மழையில ஓட்டினா, வாட்டர் வாஷ் பண்ணினா, அன்னைக்கு முழுக்க மிஸ்ஸிங். மறுநாள் தானா சரியாகிடுது.

பிளக் கேப்பிலோ அதன் வயரிலோ ஈரம் இறங்குகிறது. ராத்திரி இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துத் தள்ளி நின்று பாருங்கள். கரண்ட் கசிந்தால் நீலப் பொறி தாவுவது தெரியும், அந்த வயரையும் கேப்பையும் மாற்றினால் போதும். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியிலிருந்து தண்ணீர் வடிய ஹெட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும், மண் அடைத்திருந்தால் காற்றடித்துத் திறந்துவிடுங்கள். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை அந்தப் பக்கம் காட்ட விடாதீர்கள்.

யாழ்ப்பாணம், ஆர்15: அண்ணை, 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் வீட்டிலை விட்ட பைக். இப்பத்தான் வெளியிலை எடுத்தனான். புது பற்றரி போட்டு ஸ்டார்ட் வந்திட்டுது, ஆனா ஐடிலிலை உதறுது, திறொட்டில் குடுத்தா இருமுற மாதிரிச் சத்தம் வந்து நிண்டு போகுது.

தம்பி, அந்தப் பழைய பெட்ரோல் இன்னும் டாங்கில் இருந்தால் இனி ஒரு தரமும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் பிசுபிசுப்பு மிஞ்சும், அதோடு டாங்கின் துருவும் சேரும். புதுப் பெட்ரோல் ஊற்றிக் கலந்து ஓட்டிவிடலாம் என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், அந்த அழுக்கு முழுவதும் இன்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குத்தான் போய்ச் சேரும்.

டாங்கை முழுக்க வடியுங்கள். பம்பைக் கழற்றி அடியிலுள்ள வலை ஃபில்டரைப் பாருங்கள், பழுப்பு மண் ஒட்டியிருக்கும். கழுவிப் பார்த்து, நிறம் விடாவிட்டால் மாற்றுங்கள். டாங்கின் உள்ளே துரு இருந்தால் அதை எடுக்காமல் பம்பைத் திரும்ப மாட்டுவதில் அர்த்தமில்லை. சாவியைப் போட்டதும் பம்ப் ஓரிரு விநாடி 'ம்ம்' என்று ஓடி நிற்க வேண்டும். இழுத்து இழுத்து ஓடினால் அழுத்தம் சரியாக ஏறாமல் இருக்கலாம். அடுத்தது இன்ஜெக்டர். அதைக் கழற்றி, மெஷினில் மாட்டிப் பீய்ச்சுவதை நேரில் பார்க்கிற இடத்தில் கொடுங்கள். மூடுபனியாக வர வேண்டியது கோடாக வந்தால் கிளீனிங் வேண்டும். டாங்கில் ஊற்றுகிற கிளீனர் பாட்டிலால் இந்த அளவு அடைப்பு போகாது.

திருச்சி, கரிஸ்மா: பைபாஸில் போகும்போது வண்டி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் நிழலில் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. திரும்பக் கொஞ்ச தூரம், திரும்ப அதே கதை.

எப்படி நிற்கிறது என்று எழுதியிருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். திணறி, இழுவை குறைந்து, சில விநாடி தள்ளாடி நின்றால் பெட்ரோல். சாவியைத் திருப்பியது மாதிரி படக்கென்று நின்றால் கரண்ட்.

பெட்ரோல் என்றால் டாங்க் மூடியைப் பாருங்கள். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போவதற்கு மூடியில் மூச்சுத் துளை உண்டு. அது அடைபட்டால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காது. அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் ஸ்டார்ட் ஆனால் கோளாறு தெரிந்துவிட்டது. டாங்க் பவுச் மூடியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாலும் இதே மாதிரி ஆகும்.

கரண்ட் என்றால் இக்னிஷன் காயில் அல்லது பல்சர் காயில் (பைக் பெயரல்ல, ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்று சிக்னல் தரும் காயில்). சூட்டில் உள்ளே சுற்றிய கம்பி விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் திரும்ப ஒட்டும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. உதிரி பிளக் ஒன்றையும் ஸ்பேனரையும் கூடவே வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் ஸ்பார்க் பார்க்க வேண்டும். பிளக்கின் உடம்பு இன்ஜினில் நன்றாகப் பட்டிருக்கட்டும், பக்கத்தில் டாங்க் மூடி திறந்திருக்கக் கூடாது. வண்டியை முழுக்க ஓரங்கட்டிய பிறகே இதையெல்லாம் செய்யுங்கள்.

சேலம், கேடிஎம் ஆர்சி 200: அண்ணா, பேட்டரி மாத்தினதுல இருந்து ஐடில் ஏறி இறங்குது. ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிச்சா ஆஃப் ஆகுது. பேட்டரி புதுசுதானே, அதுல என்ன இருக்கப்போகுதுன்னு ஷோரூம்ல சொல்றாங்க.

தங்கச்சி, புது பேட்டரி என்பதால் விட்டுவிட முடியாது. ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வண்டிகளுக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. ராத்திரி நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.5லிருந்து 14.5க்குள். ஃபேன் ஓடும்போது அது 12க்கு இறங்கினால் சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அதன் கனெக்டரும் சந்தேகத்துக்குரியவை. கனெக்டரைக் கழற்றி உள்ளே பழுப்பேறியிருக்கிறதா, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால், பேட்டரி மாற்றியவர் டெர்மினல் போல்ட்டை இறுக்கினாரா, நெகட்டிவ் வயர் ஃபிரேமில் பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கரண்டைத் துண்டித்ததால் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஐடிலைத் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டிய வண்டிகளும் உண்டு. வோல்டேஜ் சரியாக இருந்தால் ஸ்கேனர் போட்டு த்ராட்டில் ரீசெட் செய்யச் சொல்லுங்கள். வோல்டேஜ் பார்க்காமல் நேராக இசியூ போச்சு என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

தூத்துக்குடி, பெயர் வேண்டாம் என்றவர்: எல்லாம் இ20 பெட்ரோலால் வந்த வினை என்கிறார்களே?

எல்லாம் இல்லை, கொஞ்சம் உண்டு. இ20 என்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிகிறது. ஓ2 சென்சார் (புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளப்பது) உள்ள வண்டி தானே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும், பழைய கார்புரேட்டர் வண்டியால் முடியாது. ஏற்கெனவே ஸ்லோ ஜெட் பாதி அடைத்திருந்த வண்டியில் இந்த வித்தியாசமே ஐடிலைக் கெடுக்கப் போதும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் அளவுக்கு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும், பம்பும் கார்புரேட்டரும் அதைத்தான் முதலில் உறிஞ்சும். கடலோர ஊரில் கால் டாங்கோடு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டியிருந்தால் டாங்கை நிரப்பி, கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து காலி செய்துவிடுங்கள். பெட்ரோல் ஓஸ் விரலால் அழுத்தும்போது களிமண்ணாய் அமுங்கினால் மாற்றுங்கள். ஆனால் நேற்றுவரை நன்றாக ஓடி இன்று காலை படக்கென்று கெட்டுப்போனதற்கு இ20யைக் குற்றம் சொல்லிவிட்டு உட்காராதீர்கள், வேறு காரணம் இருக்கிறது.

ஓசூர், அப்பாச்சி: சத்தத்துக்காக ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் கோன் ஃபில்டரும் போட்டேன். ஆக்ஸிலேட்டரை விட்டா பட்படன்னு வெடிக்குது, ஐடில் நிக்கல.

பழைய ஏர் பாக்ஸையும் சைலன்சரையும் திரும்ப மாட்டுங்கள். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை. ஜெட் மாற்றியோ மேப்பிங் (இசியூவின் பெட்ரோல் கணக்கை மாற்றுவது) செய்தோ சரிக்கட்டலாம்தான். ஆனால் அந்தக் கோன் வழியாகத் தூசியும் மழைத் தண்ணீரும் போவதை எந்த மேப்பிங்கும் நிறுத்தாது.

திருநெல்வேலி, ஆர்15 வி3: நியூட்ரல்ல அருமையா நிக்குது. கிளட்சைப் பிடிச்சு ஃபர்ஸ்ட் போட்டா மட்டும் ஆஃப்.

சைடு ஸ்டாண்டை மேலே தூக்கியும் அப்படியே ஆகிறதா? வி3-யின் பிந்தைய மாடல்களில் சைடு ஸ்டாண்ட் கட்-ஆஃப், அதாவது ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச், இருக்கிறது. சுவிட்சில் சேறு பிடித்தால் ஸ்டாண்ட் கீழே இருப்பதாகவே இன்ஜின் நினைக்கும். சுவிட்சைக் கழுவிக் காய வைத்து, ஸ்டாண்ட் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் போட்டு, கிளட்சைப் பிடித்து ஃபர்ஸ்டில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். பின்சக்கரம் வேகமாகச் சுற்றி, பிரேக் தொட்டதும் இன்ஜின் திணறினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிளின் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் இயங்கும் முன் லீவர் சும்மா நகரும் தூரம்) லீவர் முனையில் 10 முதல் 15 மி.மீ. வைத்துவிட்டு எழுதுங்கள், பிறகு பிளேட்டைப் பற்றிப் பேசலாம்.