செல்ஃப் எடுக்கும் பேட்டரி வேறு, கடை நடத்தும் பேட்டரி வேறு

கேள்வி: சின்ன லோடு வேன் ஒன்றை டிபன் கடையாக மாற்றியிருக்கிறோம். மாலை 4 மணியிலிருந்து இரவு 11 வரை ரோட்டோரம் நிறுத்துவோம். நாலு எல்இடி லைட், ஒரு ஃபேன், 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ், சட்னிக்கு மிக்ஸி. ஒரு கடைக்காரர் பெரிய லாரி பேட்டரி போடச் சொல்கிறார். இன்னொருவர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? நல்ல கம்பெனி பெயரும் சொல்லுங்கள்.
– வாசகி, திருமங்கலம்

லாரி பேட்டரி வேண்டவே வேண்டாம் சகோதரி. இன்ஜினைக் கிளப்பச் சில விநாடி மட்டும் பெரிய கரன்ட்டைக் கொடுத்துவிட்டு, உடனே டைனமோவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வதற்காகச் செய்தது அது. அதற்காகவே உள்ளே பிளேட்டுகள் மெல்லிசாக, நிறைய இருக்கும். மெல்லிய பிளேட்டைத் தினமும் பாதிக்கு மேல் காலி செய்தால் அதில் பூசியிருக்கும் மருந்து, அதாவது கரன்ட்டைச் சேமிக்கும் ஈயப் பசை, உதிர்ந்து அடியில் தங்கிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் நிற்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன்பு எதிர்சேவை அன்று மூன்றுமாவடி பக்கம் நண்பர்களோடு நீர்மோர் கொடுத்தோம். வேனில் இருந்த பேட்டரியிலேயே ராத்திரி முழுக்க லைட்டும் மைக்கும் ஓடியது. விடியற்காலையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கிளம்பினால் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை, அந்தக் கூட்டத்தில் ஆறு பேர் தள்ளினோம். சார்ஜ் போட்டதும் பேட்டரி பிழைத்தது. ஆனால் ஊர்த் திருவிழாக்களுக்கு அதே மாதிரி இன்னும் நாலைந்து தடவை எடுத்தோம், அதோடு அதன் கதை முடிந்தது.

உங்களுக்கு வேண்டியது டீப் சைக்கிள் பேட்டரி, அதாவது தினமும் ஆழமாக இறங்கி ஏறுவதற்கென்றே தடித்த பிளேட் வைத்துச் செய்தது. வாங்குமுன் ஒரு கணக்கு போடுங்கள். லைட் 36 வாட், 6 மணி நேரம்: 216. ஃபேன் 30 வாட், 7 மணி நேரம்: 210. ஃப்ரிட்ஜ் விட்டுவிட்டு ஓடும், நம் ஊர் வெயிலுக்கு 200 என்று வையுங்கள். 500 வாட் மிக்ஸி மொத்தமாக 20 நிமிடம், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 190. கூட்டினால் 816, போன் சார்ஜையும் சேர்த்து 850 வாட் ஹவர். 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 70 ஏஎச் (ஆம்பியர் ஹவர், எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் கொடுக்கும் என்ற அளவு). ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால்தான் அது பல வருடம் உழைக்கும், எனவே 140, கடையில் கிடைக்கும் அளவில் 150 ஏஎச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், 100 ஏஎச் போதும்.

லேபிளில் அந்த 150க்குப் பக்கத்தில் சி10 அல்லது சி20 என்று இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். சி20 என்றால் 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால்தான் அந்த 150 கிடைக்கும். சி10 என்றால் 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம். வேகமாக எடுக்க எடுக்க ஈய பேட்டரி குறைவாகத்தான் கொடுக்கும், உங்கள் மிக்ஸியோ ஓடுகிற நேரத்தில் 45 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் சி10 எடுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்கான உயரமான டியூபுலரும் (பாசிட்டிவ் பிளேட் குழாய் குழாயாக இருக்கும் ஈய பேட்டரி) டீப் சைக்கிள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு மூலையில் அசையாமல் நிற்பதற்காகச் செய்தது. 50 கிலோவுக்கு மேல் எடை, குண்டும் குழியுமான ரோட்டில் ஆட்டம், மூடி வழியாக ஆசிட் கசிவு, போதாததற்கு வாரண்டி கார்டில் வண்டியில் வைத்தால் செல்லாது என்று ஒரு வரி இருந்தாலும் இருக்கும். ஈயத்தில்தான் வாங்க முடியும் என்றால் ஈ-ரிக்‌ஷாவுக்கு விற்கும் பேட்டரியைக் கேளுங்கள், அது ஓடும் வண்டியில் தினமும் இறங்கி ஏறவே செய்தது.

அடுத்ததைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது, முக்கியமாகக் கடைசிக் கட்டத்தில், ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். அது மேலே ஏறிக் கூரையில் தங்கும், உங்கள் அடுப்பு கேஸ் கசிந்தால் கீழே இறங்கித் தரையில் தங்கும். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நின்று தோசை சுடுகிறீர்கள். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் சமைக்கும் இடத்துக்கு வெளியே, வெளிக்காற்றுக்குத் துளை விட்ட தனிப்பெட்டி செய்யுங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

கம்பெனி பெயர் கேட்டீர்கள். பெயரை விடத் தயாரித்த மாதம் முக்கியம். எக்ஸைடு, அமரான் என்று எதுவானாலும் கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈய பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் சரி, 12.4க்குக் கீழே என்றால் பல மாதம் கிடந்த சரக்கு, வேறு கேளுங்கள். வாரண்டி 36+36 என்று சொன்னால் முதல் 36 மாதம்தான் இலவசமாக மாற்றித் தருவது, அடுத்த 36 விலையில் தள்ளுபடி மட்டும். கார்டில் தேதி போட்டு சீல் வைத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: பருத்திப்பால் வண்டிக்கு 150 ஏஎச் டியூபுலர் வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. இப்போது ஒரு மணி நேரத்தில் லைட் மங்கிவிடுகிறது. கடை முடிந்து வீட்டுக்கு 20 நிமிடம் ஓட்டி வரும்போதே சார்ஜ் ஏறிவிடும் என்று சொல்லித்தான் மாட்டிக் கொடுத்தார்கள். கம்பெனி மோசமா?
– வாசகர், மேலூர்

கம்பெனி மீது தப்பு இருப்பதாகத் தெரியவில்லை அண்ணே, உங்கள் பேட்டரி பட்டினி கிடந்து செத்திருக்கிறது. ராத்திரிக்கு 60, 70 ஏஎச் எடுத்திருப்பீர்கள். டைனமோவிலிருந்து 20 ஆம்பியர் வந்தது என்றே வைத்தாலும் 20 நிமிடத்தில் ஏறுவது 7 ஏஎச் கூட இல்லை. ஈய பேட்டரி குறைச் சார்ஜில் நாள்கணக்காகக் கிடந்தால் பிளேட்டின் மேல் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும், அந்த இடம் அதன் பிறகு வேலை செய்யாது.

புதிது வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் பிளக்கில் போடுகிற 15 ஆம்பியர் ஆட்டோமேட்டிக் சார்ஜர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். 80 சதவீதம் வரை சீக்கிரம் ஏறும், மிச்சம் 20 ஏற மணிக்கணக்கில் ஆகும், விடியும் வரை விட்டுவிடுங்கள். கரன்ட் செலவு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சார்ஜரைக் கழற்றி இரண்டு மணி நேரம் கழித்து 12.6 காட்டினால் நிறைந்தது, 12.2 என்றால் பாதி, அதற்குக் கீழே இறக்க வேண்டாம். பகலில் வண்டியை நிழலில் போடுங்கள். சூடு 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், சித்திரை வெயிலில் பூட்டிய வேனுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லித்தியத்துக்கு மாறினால் பழைய சார்ஜரை அதில் மாட்டாதீர்கள், அதற்கென்று இருக்கிற சார்ஜர்தான் வேண்டும். டைனமோவிலிருந்து நேராக ஒயர் இழுக்கவும் கூடாது. லித்தியம் கிடைக்கிற கரன்ட்டையெல்லாம் இழுத்து டைனமோவைக் கருக்கிவிடும், நடுவில் டிசி-டிசி சார்ஜர், அதாவது டைனமோ கரன்ட்டை அளவாக்கி பேட்டரிக்கு அனுப்பும் பெட்டி, வையுங்கள். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல் புதிது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், ஈயத்துக்கு விலை கழிப்பார்கள்.

கேள்வி: வேனில் படுக்கை போட்டுக் குடும்பத்தோடு கொடைக்கானல் போவோம். மார்கழிக் குளிரில் லித்தியம் தாங்குமா?
– வாசகர், உசிலம்பட்டி

தாங்கும். லைட், ஃபேனுக்கு எடுப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் செல்லின் சூடு பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போயிருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்துகிற பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் உள் சர்க்யூட்) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், பேட்டரியை வண்டிக்கு உள்பக்கம் வையுங்கள்.

கேள்வி: பேட்டரிக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகி, வாடிப்பட்டி

கூடாது. அதிலும் உப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் முழுதாக ஏறிய பிறகு. பிளேட் வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் முதலில் அது மூழ்கும் வரை ஊற்றிவிட்டு அப்புறம் சார்ஜ் போடுங்கள். ஆசிட் மட்டும் எப்போதும் சேர்க்காதீர்கள்.