இறையழைத்தல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தின் நான்காம் ஞாயிறு நல்லாயன் ஞாயிறு. 1964 முதல் அன்றுதான் இறையழைத்தலுக்காக, அதாவது குருத்துவம், துறவறம் போன்ற வாழ்வுக்கு இறைவன் விடுக்கும் அழைப்புக்காக, திருச்சபை முழுவதும் செபிக்கிறது. அந்த ஞாயிறு வந்தாலே எனக்குக் கேள்விகள் குவியும். துறவற சபையொன்றில் புதிதாகச் சேர்ந்த நவதுறவியருக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

*சிஸ்டர், மரியே வாழ்க. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். தவக்காலத் தியானத்துக்குப் போய் வந்ததிலிருந்து கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இது அழைத்தலா, வெறும் உணர்ச்சியா? (மாணவி, தூத்துக்குடி)*

தியானத்தில் பாட்டும் கண்ணீருமாக இருக்கும்போது பலருக்கும் அப்படித் தோன்றும். அது பொய்யென்று சொல்லமாட்டேன், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதே. தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவி, தம்பியோடு சண்டை போட்டுக் களைத்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் அந்த எண்ணம் வந்தால் மனம் என்ன செய்கிறது என்று கவனி. 1521இல் பம்பலோனாவில் காலில் குண்டடி பட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கவனித்ததும் இதைத்தான். வீரசாகசக் கனவுகள் அந்நேரம் இனித்தன. பிறகு வெறுமைதான் மிஞ்சியது. புனிதர்களைப் போல் வாழலாமே என்ற எண்ணமோ, வந்து போன பிறகும் மகிழ்ச்சியை விட்டுச்சென்றது. மனம் வறண்டு கிடக்கும் நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் அவர் சொன்னதுதான்.

சிறுவயதிலிருந்து உன்னைப் பார்த்துவரும் பெரியவர் ஒருவர் உங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் பங்கின் சிறு குழுவில்) இருப்பார். அவரிடம் போய், “இந்த வாழ்வு எனக்கு ஒத்துவருமா?” என்று கேள். உன்னை எப்போதும் புகழ்பவராக இருந்தால் வேறொருவரைத் தேடு. முடிந்தால் பட்டப்படிப்பை முடி. அதற்குள் இரண்டு மூன்று சபைகளின் அழைத்தல் முகாம்களுக்குப் போய் வா. “வந்து பாருங்கள்” என்றுதான் ஆண்டவரும் சொன்னார். வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லவில்லை.

*என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பிழைப்பானா என்றிருந்தது. அவனைக் குருவாக்குகிறேன் என்று வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். இப்போது பத்தாம் வகுப்பு. குருமடத்துக்குப் போகமாட்டேன் என்கிறான். நேர்ச்சையை மீறினால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? (ஒரு தாய், திண்டுக்கல்)*

ஒன்றும் ஆகாது அம்மா. மாதா கடன் வசூலிக்க வருபவர் அல்ல. நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1193ஆம் எண். ஆகவே நீங்கள் நேர்ந்தது பையனைக் கட்டாது. உங்கள் மனம் உறுத்தினால் பங்குத்தந்தையைப் பாருங்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அதற்கு ஈடான வேறொரு நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஏழை மாணவன் ஒருவனின் பள்ளிக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளலாமே!

யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டாயப்படுத்திக் குருப்பட்டத்துக்கு அனுப்பக் கூடாது என்று 1026ஆம் எண் தடுக்கிறது. அன்னா தம் மகன் சாமுவேலை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டது உண்மைதான். ஆனால் இரவில் கூப்பிட்ட குரலுக்குச் சாமுவேல்தான் எழுந்து பதில் சொன்னான். இனி இந்தப் பேச்சை அவனிடம் எடுக்காதீர்கள். உங்கள் பயத்தைச் சுமக்கும் வயதா அவனுக்கு?

*குருவாக எத்தனை ஆண்டுகள் ஆகும்? (பி.காம். மாணவர், சேலம்)*

தொடக்கப் பயிற்சிக் காலம் முடிந்ததும் மெய்யியலுக்கும் இறையியலுக்குமாகக் குறைந்தது ஆறு ஆண்டுகள். இடையில் பங்கிலோ பள்ளியிலோ களப்பணி இருக்கும். 25 வயது நிறையாமல் பொதுவாகக் குருப்பட்டம் இல்லை. துறவற சபையென்றால் நவதுறவு குறைந்தது ஓராண்டு. பிறகு மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாழ்வுக்கான வாக்குறுதி. அதன்பின்தான் நித்திய வார்த்தைப்பாடு.

*எனக்கு 34 வயது, செவிலியர். வீட்டுக்கடன் இருக்கிறது. காலம் கடந்துவிட்டதா? (மதுரை)*

வயது வரம்பு சபைக்குச் சபை வேறுபடும், நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கடனை மட்டும் மறைக்காதீர்கள். அடைக்க வழியில்லாத கடனுள்ளவரைச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். முதலில் கடனை அடையுங்கள். வயதான பெற்றோர் உங்களை மட்டுமே நம்பியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

*ஐந்து ஆண்டுகள் குருமடத்தில் இருந்துவிட்டுத் திரும்பினேன். ஆன்ம குருவோடு பேசி, செபித்து எடுத்த முடிவு. ஆனால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. அம்மா பூசைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். (கும்பகோணம்)*

தம்பி, பயிற்சிக்காலம் இவ்வளவு நீளமாக வைக்கப்பட்டிருப்பதே உங்களைப் போன்றவர்கள் சுதந்திரமாகத் திரும்பி வருவதற்காகவும்தான். தற்காலிக வார்த்தைப்பாட்டுக்கு ஒரு கெடு வைத்திருப்பதும் அதனால்தான். கெடு முடிந்தால் போகலாம், யாரும் பாவமென்று சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் ஊர்மீதுதான். பதினைந்து வயதுப் பையன் சிறு குருமடத்துக்குக் கிளம்பினால் தெருமுனையில் பேனர், மாலை, பங்குப் பேரவைத் தலைவரின் உரை. அவன் திரும்பி வருவதற்கான கதவை நாமே பூட்டுகிறோம். வேண்டாத இடத்தில் வெட்கத்தால் தங்கிவிட்டவர்களால் திருச்சபை பட்ட காயம் கொஞ்சமல்ல. உங்கள் அன்பியத்தின் அடுத்த கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். வாசகம் வாசிக்கிறேன் என்று நீங்களே கேளுங்கள். ஐந்து ஆண்டுகள் படித்த மறைநூல் வீணாகாது.

*நாங்கள் தலித் கிறிஸ்தவர்கள். என் தங்கைக்கு ஆர்வம் இருக்கிறது. எங்களுக்கு அங்கே இடம் இருக்கிறதா? (ஓர் அண்ணன், விழுப்புரம்)*

சட்டத்தில் தடையில்லை. நீங்கள் கேட்பது சட்டத்தைப் பற்றி அல்ல என்பதும் எனக்குத் தெரியும். சாதி பார்த்துக் கல்லறையில் சுவர் எழுப்பிய ஊர்களிலிருந்தும்தான் நம் குருக்களும் கன்னியரும் வந்தார்கள். அந்தப் பார்வை மடத்து வாசலிலேயே கழன்று விழுந்துவிடுவதில்லை. திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. சேருமுன் அந்தச் சபையில் நேராகக் கேளுங்கள்: பொறுப்புகளில் தலித் சகோதரிகள் இருக்கிறார்களா, மேற்படிப்புக்கு அனுப்பப்படுகிறார்களா? மழுப்பினால் வேறு சபையைப் பாருங்கள்.

*நான் பங்கில் மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார், மூன்று பிள்ளைகள். அழைத்தல் என்றாலே குருக்களைப் பற்றி மட்டும் பேசுகிறீர்களே? (சிவகங்கை)*

நியாயமான கோபம். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் மணமானவர், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அழைத்தல் முகாம்களில் அவரைப் பற்றிப் பேச உங்களைப் போன்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

*முகாமுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும்? (மாணவி, நாகர்கோவில்)*

மாற்றுடை, விவிலியம், ஒரு நோட்டு. பெற்றோருக்குத் தெரிந்து வர வேண்டும். திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் சான்றிதழ்களும் பங்குத்தந்தையின் கடிதமும் சேரும்போது கேட்கப்படும், முகாமுக்குத் தேவையில்லை.