சவாசனம் செய்தும் எடை இறங்கவில்லையா?

இரண்டு மாதமாகச் செய்தும் எடை அசையவில்லை, இந்த ஓய்வுப் பயிற்சிகளால் எடை குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும், ஆனால் சுற்றுவழியில். மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனமும், படுத்தபடியே உடலையும் மனதையும் தளர்த்தும் யோக நித்திரையும் கலோரியைப் பெரிதாக எரிக்காது. இரண்டு மாதமாகியும் எடை அசையாததில் வியப்பில்லை. மன அழுத்தம் குறைந்தால் தூக்கம் சீராகும், இனிப்பும் வறுவலும் தேடும் ஆசை தணியும். பலன் அங்கேதான்.

ஆபீஸ் டென்ஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் டீயோடு கை தானாகப் போகும் மிக்சர் டப்பாமேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள்: வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறக்கும் முன், காலைச் சுவரில் உயர்த்தி வைத்து, மூச்சை நீளமாக விட்டபடி 10 நிமிடம் படுத்திருங்கள். அப்புறமும் பசித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். அடங்கிவிட்டால் அது பசியே இல்லை, பதற்றம்.

தினமும் அரை மணி நேர நடை கட்டாயம் வேண்டும். களைப்பு, முடி உதிர்வு இருந்தால் முதலில் தைராய்டு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.