7,20,720-க்கு எத்தனை காரணிகள்?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகனிடம் 7,20,720-க்கு மொத்தம் எத்தனை காரணிகள் என்று கண்டுபிடித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாளாக ஒவ்வொரு எண்ணாக வகுத்து 112 வரை வந்திருக்கிறான். சுலபமான வழி இருக்கிறதா?
– ஒரு தாய், பாபநாசம்

பதில்: முதலில் அந்த நோட்டை மூடி வைக்கச் சொல்லுங்கள். இப்படியே வகுத்துக்கொண்டு போனால் நடுவில் ஒன்றிரண்டு விட்டுப்போகும். விட்டது எது என்றும் தெரியாது.

எண்ணை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். 720, மறுபடியும் 720. மூன்றிலக்க எண் ஒன்றை இப்படி அடுத்தடுத்து இருமுறை எழுதினால், அதை 1001-ஆல் பெருக்கியதாக அர்த்தம். 1001 என்பது 7 × 11 × 13. 720-ஐப் பிரிப்பது அவனுக்கே தெரியும். ஆக, நான்கு 2, இரண்டு 3, அப்புறம் 5, 7, 11, 13 ஒவ்வொன்று. பகாக் காரணிகள் கைக்கு வந்துவிட்டன.

பிள்ளைகள் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில்தான். எனவே முதலில் 12-ஐ வைத்துப் பழக்குங்கள். மூன்று புளியங்கொட்டை எடுத்து, இரண்டில் 2 என்றும் ஒன்றில் 3 என்றும் எழுதுங்கள். வேண்டியதை எடுத்துப் பெருக்கினால் ஒரு காரணி. 2-ல் ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம், ஒன்றுமே எடுக்காமலும் இருக்கலாம்: மூன்று வழி. 3-ஐ எடுக்கலாம், விடலாம்: இரண்டு வழி. 3 × 2 = 6. எண்ணிப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 12. எடுக்காமல் விடுவதும் ஒரு வழி என்பதை மறந்தால் கணக்கு தப்பிவிடும்.

இதே கணக்குதான் பெரிய எண்ணுக்கும். 2-க்கு ஐந்து வழி, 3-க்கு மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240.

12-ஐ எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பக்கம் நெல் அளந்த நாளில் கலத்துக்கு 12 மரக்கால். பாதி, மூன்றில் ஒன்று, கால் எது கேட்டாலும் முழு மரக்காலாகப் பிரிக்கலாம். 12-க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. 7,20,720-ம் அதே ரகம். இதைவிடச் சிறிய எதற்கும் 240 வராது. 1 முதல் 16 வரை எல்லா எண்ணாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுவே. இந்த ரக எண்களைப் பற்றித்தான் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1915-ல் நீண்ட கட்டுரை வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வீடு இருக்கிறது. உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

சரி, இப்போது மூடிய நோட்டைத் திறக்கலாம். அவன் பட்ட பாடு வீணில்லை. ஒவ்வொரு காரணிக்கும் ஒரு ஜோடி உண்டு. 1-க்கு எதிரே 7,20,720, 2-க்கு எதிரே 3,60,360 என்று எழுதிக்கொண்டே வரட்டும். 112-க்கு எதிரே 6,435 வரும். கடைசி ஜோடி 840 × 858. அங்கே நிறுத்தி எண்ணினால் 120 ஜோடி இருக்க வேண்டும்.