ஊர்க் குளத்தைத் தூர்வாரப் பணம் சேர்க்க டி-ஷர்ட், பை மாதிரி பொருள் செஞ்சு விக்கலாம்னு இருக்கோம். சரிப்பட்டு வருமா?

வரும். ஆனா இப்ப நீங்க மனசுல போட்டு வச்சிருக்குற கணக்குப்படி வராது. கேள்வியப் பாத்ததுமே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, ஏன்னா 2019-ல நாங்க யாரையும் எதையும் கேக்காம இதே வேலையில எறங்கி, கைக்காசு போயி, ஊர்ல பேரு கெட்டு, அப்பறம்தான் ஒரு வழிக்கு வந்தோம். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

நீங்க ஒரு பத்துப் பேரு, அதுல பாதிப் பேரு சென்னை, கோயமுத்தூர்னு வேலையில, ஒரு வாட்ஸப் குரூப்பு, லோகோ கூட ஒருத்தரு வரைஞ்சு அனுப்பியிருப்பாரு, அப்படித்தான இருக்கும். நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம்.

எங்க ஊரு மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல. 2018 நவம்பர் 16 விடியுறதுக்குள்ள கஜா புயல் அடிச்சுப் போட்டதுல குளத்தங்கரையில நின்ன தென்னை, புளியமரம் எல்லாம் குளத்துக்குள்ளயே சாஞ்சு கெடந்துச்சு. கரண்டு வரவே வாரக்கணக்காச்சு. ஏற்கனவே தூர்ந்து போயி ஆடு மாடு எறங்குனா முழங்கால் சேறு ஒட்டுற குளம். மரத்த வெட்டி எடுத்தோம், சேத்த யாரு எடுக்கறதுன்னு பேச்சு வந்தப்பதான் டி-ஷர்ட் யோசனை வந்துச்சு. அப்ப ஊரு மேல பாசம் எல்லாருக்கும் பொங்கிக்கிட்டு இருந்த நேரம், சட்டை போட்டா பறந்துரும்னு நினைச்சோம்.

ஒம்பது பேரு, ஆளுக்கு 5,000. மொத்தம் 45,000. திருப்பூர்ல 180 ஜிஎஸ்எம் கனம், பயோவாஷ் பண்ண (பிசிறு போக அலசுன) துணி, கறுப்பு கலரு, முன்னாடி டெல்டாக்காரன்னு, பின்னாடி குளத்துப் பேரு, ரெண்டுமே ஒரே கலர் ஸ்கிரீன் பிரிண்ட். ஒண்ணு 165 ரூபா, 250 சட்டை, 41,250 ஆச்சு. மிச்சம் லாரி பார்சலுக்கும் கவருக்கும் போச்சு. 250 ரூபாய்க்கு வித்தோம்.

சைஸ் எஸ் 60, எம் 70, எல் 70, எக்ஸெல் 50. இத நல்லா கவனிங்க. ஊர்ல காசு குடுத்து வாங்குற ஆளு யாரு? நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்க. அவங்களுக்கு எக்ஸெல், டபுள் எக்ஸெல்தான் வேணும். எஸ் போடுற பசங்ககிட்ட 250 ரூபா கிடையாது. பொம்பளைங்க யாரும் வாங்கவே இல்ல, ஊர்ல பாதி ஜனம் அதுலயே கழிஞ்சு போச்சு. அதோட கறுப்பு. பொங்கலுக்குக் கொண்டு வந்து எறக்குறோம், ஒரு பெரியம்மா சட்டையத் தொட்டுப் பாத்துட்டு "நல்ல நாளும் அதுவுமா கறுப்பையா புள்ளைக்கு மாட்டச் சொல்றிய"ன்னு கேட்டுட்டு அப்படியே வச்சிட்டுப் போயிருச்சு. எங்க ஒம்பது பேர்ல ஒருத்தனுக்கும் இது முன்னாடியே தோணல.

சித்திரை கடைசியில கணக்குப் பாத்தா போனது 162 சட்டை. அதுலயும் 19 பேரு அப்பறம் தரேன்னு வாங்கிட்டுப் போனவங்க, இன்னை வரைக்கும் தரல. கையில வந்தது 35,750. போட்ட முதலே வரல, குளத்துக்கு எங்கேர்ந்து குடுக்கறது.

ஆனா டீக்கடைக் கணக்கு வேற. அங்க ஒருத்தரு சத்தமா, "இருநூத்தம்பது சட்டை, சட்டை இருநூத்தம்பது ரூபா, அறுவத்திரெண்டாயிரத்து ஐநூறு எங்கடா போச்சு?"ன்னு கேட்டிருக்காரு. யாருக்கும் பதில் சொல்லத் தெரியல. காசு பூரா என் ஜிபே நம்பருக்குத்தான் வந்துச்சு, அதே கணக்குலதான் பால் காசும் மளிகையும் போகுது, எது சட்டைக் காசு எது வீட்டுக் காசுன்னு எனக்கே பிரிச்சுக் காட்ட முடியல. அந்த மாசம்தான் நான் தவணையில பைக் எடுத்திருந்தேன். போதாதா? எங்கம்மா ரேஷன் கடை வரிசையில நிக்கிறப்ப காதுபடவே பேசியிருக்காங்க. அம்மா வீட்டுக்கு வந்து ஒண்ணும் கேக்கல, சோத்தப் போட்டு வச்சிட்டு உள்ள போயிட்டாங்க. அது இன்னும் எனக்கு மறக்கல. பேசுனவங்க மேல இப்ப கோவம் இல்ல. கணக்கு காட்டாதவன் மேல ஊரு சந்தேகப்படத்தான் செய்யும்.

இதுக்கப்பறம் வழி சொன்னது எங்க தெருவுல தையல் மெஷின் வச்சிருக்குற அக்கா, மகளிர் குழுவுல இருக்காங்க. "ஏன் தம்பி, சட்டை ஒருத்தன் வருசத்துக்கு ஒண்ணு எடுப்பான். தாம்பூலப்பை ஒரு கல்யாணத்துக்கே நானூறு போவுது. அத எங்கேர்ந்தோ வாங்கியாறாங்க, நாம தைக்கக் கூடாதா?" அவ்வளவுதான் சொன்னாங்க. 2019 ஜனவரி 1-லேர்ந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துருச்சு, தாம்பூலம் போட்டுக் குடுக்க எல்லாரும் பை தேடிக்கிட்டு இருந்த நேரம். எங்க கண்ணு முன்னாடியே கெடந்தது எங்களுக்குத் தெரியல.

இங்கதான் உங்களுக்கு முக்கியமா ஒண்ணு சொல்லணும். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் ஐயாவ எல்லாருக்கும் தெரியும், 170-க்கு மேல பாரம்பரிய நெல் ரகத்த மீட்டவரு, கஜா வந்த அடுத்த மாசம் 2018 டிசம்பர் 6-ந்தேதி தவறிட்டாரு. அவரு நெல் திருவிழாவுல விவசாயிக்கு 2 கிலோ விதை குடுப்பாரு, அடுத்த வருசம் 4 கிலோவா திருப்பிக் குடுக்கணும். அதனால விதை தீரவே தீராது, வருசா வருசம் இன்னும் நாலு பேருக்குப் போகும். எங்க தையல் அக்கா அந்த கணக்கத்தான் தாம்பூலப்பைக்குக் கொண்டு வந்தாங்க. போடுற முதல்தான் விதைநெல்லு, அத அவிச்சுத் தின்னுறக் கூடாது, குளத்துக்குன்னு சொல்லியும் தொடக் கூடாது.

அப்ப ஒரு பைக்கு காடாத் துணி 13, தையல் கூலி 6, பிரிண்ட் 3, நாடா, நூலு, வண்டிச் சத்தம் எல்லாம் 2, ஆக 24. விலை 32. மீதி 8-ல 5 ரூபா குளத்துக்கு, 3 ரூபா விதைநெல்லுக்கு. பையோட ஒரு பக்கம் பொண்ணு மாப்பிள்ளை பேரு, மறுபக்கம் அடியில சின்னதா "இந்தப் பையில 5 ரூபா நம்ம குளத்துக்கு". பொக்லைன் அப்ப எங்களுக்கு மணிக்கு 1,000 ரூபான்னு பேசுனது, அதனால ஆர்டர் குடுக்க வர்றவங்ககிட்ட "உங்க வீட்டுக் கல்யாணத்துல ரெண்டு மணி நேரம் குளம் வெட்டுறோம்"னு சொன்னோம். 400 பைக்கு ரெண்டு மணி நேரம். இந்த ஒரு வார்த்தை வித்த மாதிரி எந்த லோகோவும் விக்கல. பந்தியில உக்காந்துகிட்டு பொண்ணோட அப்பா அதையே எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தாரு.

தையலுக்குக் கூலி எதுக்கு, சேவைதானன்னு எங்க குரூப்புலயே ஒருத்தரு கேட்டாரு. இங்கயும் யாராவது கேப்பீங்க. அந்தக்கா மெஷின்ல உக்காந்தா வயல் வேலைக்குப் போவ முடியாது, அன்னைக்கு கூலி போச்சு. குளம் பொதுவுதான், அவங்க இடுப்பு வலி பொதுவா? அன்னாடங்காச்சிங்க உழைப்ப சும்மா வாங்கித்தான் குளம் வெட்டணும்னா அப்படிப்பட்ட குளமே வேணாம்னு சண்டை போட்டேன், இப்பவும் போடுவேன். சமூக சேவைய வியாபாரமாக்கிட்டான்னு சொல்றவங்களுக்கும் இதுதான் பதில்.

2020-ல கொரோனா, கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல கூடாதுன்னாங்க, ஆர்டரே இல்ல, மாஸ்க் தச்சு மெஷின ஓட்டுனோம். 2021 டிசம்பர்ல அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை"ன்னு திட்டம் ஆரம்பிச்சதுக்கு அப்பறம் ஒரு பெரிய மாத்தம் வந்துச்சு, அதுவரைக்கும் மஞ்சப்பைனா பட்டிக்காட்டான்னு கூச்சப்பட்ட சம்பந்தி வீட்டுக்காரங்கள்லாம் தானா கேட்டு வந்தாங்க. 2022-ல நூல் விலை ஏறுனதுல அடக்கம் 29 ஆயிருச்சு, 37-க்குக் குடுத்தோம், குளத்துப் பங்கு 5, விதைநெல்லு 3, அத மட்டும் மாத்தல.

அந்த வருசம் ஆவணியிலதான் அடி விழுந்துச்சு. 350 பை. பொண்ணு பேரு யாழினி. கட்டைப் பிரிச்சு அப்பா கையில குடுக்குறேன், அவரு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு, கட்டை விரலால அந்த எழுத்த மட்டும் ரெண்டு தடவ தடவுனாரு. யாளினின்னு போட்டிருக்கு. அவரு தமிழ் வாத்தியாரு. ஒரு வார்த்தை திட்டல, பைய மடிச்சு மேல வச்சிட்டு "தம்பி, அவ பொறந்தப்ப நான் தேடித் தேடி வச்ச பேருய்யா"ன்னாரு. நாளைக்கழிச்சு கல்யாணம். ராத்திரியோட ராத்திரியா மூணு மெஷின் போட்டு, விடியக்காலம் பிரிண்ட் அடிச்சு, காய வச்சு, முகூர்த்தத்தன்னைக்குக் காலையில கொண்டு போயி எறக்குனோம். நஷ்டம் 10,150. குளத்துக் காசுல ஒரு ரூபா தொடல, பூரா விதைநெல்லுலேர்ந்துதான் எடுத்தோம். அந்த 3 ரூபா எதுக்குன்னு அன்னைக்குத்தான் எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. இப்ப ஆர்டர் எடுத்தா மாதிரியப் பேப்பர்ல அடிச்சு, வீட்டுல ஒருத்தர வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் ஸ்கிரீனுக்கே போறது.

துணி வாங்குறப்ப ஒரு துண்ட ராத்திரி தண்ணியில போட்டு வைங்க, மஞ்சள் சாயம் எறங்குனா அந்தக் கடைப் பக்கம் போகாதீங்க. வெத்தலை ஈரம் பட்டு சாயம் பட்டுப்புடவையில ஒட்டுனா அதோட உங்க கதை முடிஞ்சுது. கைக்காசு தங்குற நேரம் பாருங்க, இங்க சம்பா அறுத்து நெல்லு போட்ட காசு கைக்கு வர்ற தை, மாசியிலேர்ந்து வைகாசி வரைக்கும்தான் ஆர்டர் அதிகம், ஆடியில கல்யாணமே கிடையாது, அந்த மாசத்துல துணி வாங்கிக் குவிக்காதீங்க.

பேப்பர் வேலை: ஏழு பேரு இருந்தா சங்கமா பதியலாம், 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ். பேங்குல சங்கத்துப் பேருல கணக்கு, ரெண்டு பேரு கையெழுத்து. பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு வருசத்துக்கு 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்ல, ஆனா வெளி மாநிலத்துக்கு அனுப்ப ஆரம்பிச்சா இது மாறும், ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கங்க. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், காசு கேக்குற வெப்சைட்ல போயி மாட்டாதீங்க. பை வாங்குனதுக்கு 80ஜி வருமான வரிச் சலுகை கிடைக்கும்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க, பொருள் வாங்குனா அது நன்கொடை ஆகாது. குளத்துல மண்வெட்டி வைக்கிறதுக்கு முன்னாடி அனுமதி எழுத்துல வாங்கணும்.

2022-ல மேட்டூரு அணைய மே 24-ந்தேதியே தொறந்துட்டாங்க, வழக்கமா தொறக்குற ஜூன் 12-க்கு முன்னாடி முடிச்சிரலாம்னு வேலைய ஆரம்பிச்ச நாங்க பாதியில நிறுத்துனோம். சீக்கிரம் தொறந்தது சந்தோசம்தான். ஆனா இதச் சொல்லாம இருக்க முடியல: வருசா வருசம் ஆறு வாய்க்கால் தூர்வாருற வேலைய தண்ணி வர்ற நேரம் நெருங்குனப்பறம் ஏன் ஆரம்பிக்கிறாங்க? பங்குனி முழுக்க காஞ்சு கெடக்கு, அப்ப ஒரு மிஷினக் காணோம். கரையில சொரண்டி கரையிலயே போட்டுட்டுப் போனா முதல் தண்ணியில மறுபடி உள்ளதான் விழும், அதுக்கு மேல தண்ணி வந்துட்டா எவ்வளவு ஆழம் எடுத்தாங்கன்னு யாரு போயி அளக்கறது. கடைமடையில இருக்கவனுக்குத்தான் தெரியும் இந்த வலி, எங்க வாய்க்காலுக்குத் தண்ணி எட்டுறதுக்குள்ள நாத்து காஞ்ச வருசமெல்லாம் இருக்கு. கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும். விட்டுருங்க.

குளம் 2023 கோடையில முடிஞ்சுது. மொத்தம் 90 மணி நேரம் பொக்லைன் ஓடுச்சு. அது வரைக்கும் போன பை 7,400, அதுல குளத்துக்கு வந்தது 37,000, அதாவது 37 மணி நேரம். மிச்சத்த நன்கொடையா குடுத்தாங்க, சிங்கப்பூர்ல இருக்குற எங்க ஊர்ப் பசங்களும் உள்ளூர்க்காரங்களும். பைய வச்சே குளம் வெட்டிரலாம்னு நான் சொல்லல. ஆனா மாசாமாசம் வரவு செலவ சார்ட் பேப்பர்ல எழுதி டீக்கடைச் சுவத்துல ஒட்டுனோம், அதப் பாத்துதான் நன்கொடையே வந்துச்சு. அறுவத்திரெண்டாயிரத்து ஐநூறு கேட்டவரு 2,000 குடுத்தாரு, பேரு எழுத வேணாம்னாரு.

டி-ஷர்ட்தான் போடணும்னு பிடிவாதமா இருந்தா முன்பணம் வாங்கிட்டு, சைஸ் எழுதி வாங்கிட்டு, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் அடிங்க. கடன் வேணாம், சொந்த மாமனா இருந்தாலும்.

எந்த ஊருன்னு கமெண்ட்ல போடுங்க. வரவு செலவு நோட்டு, பை அளவு, பிரிண்ட் மாதிரி எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புறேன். ரெண்டு நாளு ஆகும், தை முகூர்த்தத்துக்கு 600 பை கெடக்கு, அக்கா வீட்டுல நாடா வெட்டிக் குடுக்கப் போயிருவேன்.